அடைப்பில் இருந்த வீடு

கதவு பூட்டியிருந்தால் முதலில் பூட்டைப் படம் எடுக்க வேண்டும். பிறகு வீட்டு எண் தெரியும்படி ஒரு படம், மின்சார மீட்டருக்கு ஒரு படம். அதற்குப் பிறகுதான் அந்த ஆப் அடுத்த பக்கத்துக்குப் போக விடும். அங்கே, வீட்டில் ஆள் இல்லாததற்கு என்ன காரணம் என்று மலாயில் ஒரு கேள்வி இருக்கும். அதைத் தொட்டால் வரிசையாகப் பதில்கள் இறங்கி வரும். வேலைக்குப் போயிருக்கிறார், மருத்துவமனையில் இருக்கிறார், வெளியூர் போயிருக்கிறார், வீட்டைவிட்டுப் போய்விட்டார், மற்றவை. ஏதாவது ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். தொடாமல் விட்டால் சிவப்பு எழுத்தில் மறுபடியும் அதையே கேட்கும்.

நான் ஒரு நகராண்மைக் கழகத்தில் பொதுப் பணியாளர். மலாக்காவில் ரெம்பியா பக்கம் கழகத்துக்குச் சொந்தமான வாடகை வீடுகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டங்கள் கைமாறி லயங்களை இடித்தபோது வெளியேறிய குடும்பங்களில் பல இங்கேதான் வந்து சேர்ந்தன. இந்த வீடுகள் குடியிருப்பவர்களுக்குச் சொந்தமில்லை. குடியிருக்க லைசன்ஸ் கொடுப்பார்கள், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். லைசன்ஸ் ஒருவர் பெயரில்தான் இருக்கும். பெரும்பாலும் புருஷன் பெயர். அந்தக் குடும்பம் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும். வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டாலோ, பூட்டிப் போட்டாலோ வீடு கழகத்துக்குத் திரும்பிவிடும். வீடு கிடைக்காதா என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

முன்பெல்லாம் நான் புல் வெட்டுவேன், லோங்காங் என்னும் சாக்கடைகளைக் கழுவுவேன். முதுகு தேய்ந்துபோன பிறகு என்னை வீட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். பயந்துபோனேன். ஆனால் பழகிய பிறகு அந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆளைப் பார்த்துப் பேச வராது. கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். இந்த வேலையில் கேள்வி கேட்பது ஆப். நான் திரையைக் காட்டினால் போதும், வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

என்னோடு வேனில் வருபவர் ஒரு மலாய்க்கார டிரைவர். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. நாள் முழுக்க அவர் பேசுவார், நான் கேட்பேன். "வாய்க்குள்ள தங்கம் வெச்சிருக்கியா? தொறந்தா விழுந்துடுமா?" என்று மலாயில் கேட்டுச் சிரிப்பார்.

அந்த வீடு வரிசையில் கடைசி வீடு. அதற்கப்பால் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் வேலி. புருஷன் லாரி ஓட்டினவர். மனைவி ரெம்பியாவில் ஒரு கிளினிக்கில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே மகள், கல்யாணமாகிப் புலாவ் செபாங்கில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஆண்டுதோறும் லைசன்ஸ் புதுப்பிக்கப் போகும்போது அக்கா கேட்காமலே கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைப்பார். புருஷன் வீட்டிலிருந்தால் டேப்லெட்டை எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, நான் உயிரோட இருக்கேன்னு அதுல தெரியுதா?" என்று கேட்பார்.

ஒரு நாள் நாங்கள் போனபோது அந்த வீடு பூட்டியிருந்தது. வாசல் படியின் ஓரத்தில் ஓர் அகல் விளக்கு, திரி கருகியிருந்தது. பக்கத்தில் ஒரு சில்வர் டம்ளரில் தண்ணீர். தண்ணீரில் இரண்டு எறும்புகள் மிதந்தன. கதவின் குறுக்கே ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. லாரிக்காரர்தான் போய்விட்டார், அவிட்டமாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். டிரைவர் கேட்டார், "என்ன இது, சாமி கும்பிடுறாங்களா?"

எங்களில் ஒருவர் சில நட்சத்திரங்களில் இறந்துபோனால் அந்த வீட்டை அடைத்து வைப்பார்கள் என்று நான் அவருக்குச் சொன்னேன். சில நட்சத்திரத்துக்கு இரண்டு மாதம், சிலவற்றுக்கு ஆறு மாதம். பெரிய வீடாக இருந்தால் உயிர் போன அறையை மட்டும் பூட்டுவார்கள். இந்த வீடுகளில் கூடத்துக்கும் படுக்கைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அதனால் முழு வீட்டையும் அடைத்துவிட்டு வேறெங்காவது போய் இருப்பார்கள். சாயங்காலம் வந்து வாசலில் விளக்கு மட்டும் வைப்பார்கள். உள்ளே போகமாட்டார்கள்.

"போனா?"

"இன்னொரு சாவு வரும்னு சொல்வாங்க."

டிரைவர் தலையாட்டினார். கிண்டல் செய்யவில்லை.

நான் பூட்டைப் படம் எடுத்தேன், எண்ணைப் படம் எடுத்தேன், மீட்டரைப் படம் எடுத்தேன். காரணம் கேட்டபோது 'மற்றவை' என்பதைத் தொட்டேன். ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதில் எனக்குத் தெரிந்த மலாயில், இறப்புச் சடங்குக்காக வீடு மூடியிருக்கிறது, மனைவி திரும்பி வருவார் என்று தட்டினேன். அனுப்பினேன். பச்சை நிறத்தில் சரி என்று வந்தது. வேலை முடிந்ததென்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

அந்தக் கட்டத்தில் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு அடுத்த மாதம்தான் தெரிந்தது.

பூட்டியிருந்த வீட்டுக்கு மாதாமாதம் மறுபடியும் போக வேண்டும். அப்படிப் போய்ப் பூட்டைப் படம் எடுத்து அனுப்பியதும் திரையில் அந்த வீட்டு எண் மஞ்சளானது. லைசன்ஸ்காரர் பெயருக்குப் பக்கத்தில், இறந்துவிட்டார் என்று போட்டிருந்தது. அதை நான் போடவில்லை. அடையாள அட்டை எண்ணை வைத்துச் சிஸ்டம் தானாகவே எங்கிருந்தோ எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் கீழே, 'ஆள் இல்லை: இரண்டாம் முறை' என்று இருந்தது. இன்னும் ஒரு முறை ஆள் இல்லாவிட்டால் வீடு சிவப்பாகிவிடும். சிவப்பான வீடுகள் திரும்ப எடுக்கும் குழுவின் பட்டியலுக்குத் தானாகப் போய்விடும். அப்புறம் பூட்டை அறுக்க வேறு ஆட்கள் வருவார்கள். அவர்களோடும் நான் போயிருக்கிறேன். சாமான்களைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி ஐந்தடியில், வாசல் நடைபாதையில், வைத்துவிட்டு வருவோம்.

அந்த வீடுகளின் கேஸ்களைப் பார்க்கும் அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். பல்கலைக்கழகத்தில் படித்தவர், என் மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். நல்ல பிள்ளை. அவருடைய மேசைக்குப் போக எனக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் அந்தப் பக்கம் போனேன், திரும்பி வந்தேன். கடைசியில் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாண்ணே, ரொம்ப நேரமா சுத்துறீங்க? லீவு வேணுமா?"

நான் வீட்டு எண்ணைச் சொன்னேன். அடைப்பு என்று சொன்னேன்.

"ஐயோ, அடைப்பா?" என்று கணினியைத் தட்டினார். "எங்க தாத்தாவுக்கும் போட்டாங்கண்ணே. பாச்சாங் வீட்ல. கீழ அவரு ரூம மட்டும் பூட்டிட்டு நாங்க எல்லாம் மேல இருந்தோம். எத்தன மாசம் இவங்களுக்கு?"

"ஆறு மாசம். அவிட்டம் போல."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை என் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. லைசன்ஸ்காரர் இறந்துட்டா மனைவி பேருக்கு மாத்தலாம். அது ஒரு பிரச்சனையும் இல்ல, நானே செஞ்சிடுவேன். ஆனா மனைவி அந்த வீட்ல இருக்கணும். இன்ஸ்பெக்‌ஷன்ல அவங்க இருக்கிற படம் இல்லாம அந்தப் பட்டனே எனக்கு வராது. பாருங்க, சாம்பல் கலர்ல இருக்கு. அமுக்குனா அமுங்கல."

அவர் அமுக்கிக் காட்டினார். அமுங்கவில்லை.

"நான் அந்தக் கட்டத்துல எழுதினேன்."

"தெரியும்ணே. இப்பதான் படிச்சேன். அது சும்மா இருக்கும். சிஸ்டம் அத எண்ணாது."

மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னார். கேட்கவும் செய்தார். இரண்டு நாள் கழித்து என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். மேலதிகாரி கோபப்படவில்லையாம். ஒரு வீட்டுக்கு இப்படி விட்டால் நாளைக்கு ஆறு மாதம் பூட்டி வைத்திருப்பவர்களெல்லாம் வழக்கம் என்பார்கள், உண்மையில் வாடகைக்கு விட்டவனும் அதையே சொல்வான், எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்டாராம்.

"வெளிய வாசல்ல நின்னு படம் எடுத்தா ஆகாதா?" என்று கேட்டேன்.

"உள்ள எடுக்கணும்ணே. அடுப்பு, படுக்கை, அவங்க முகம். முன்ன எல்லாம் வாசல்ல நின்னு போஸ் கொடுத்துட்டு, உள்ள வேற குடும்பத்த வெச்சிருந்தாங்க. அதனால மாத்திட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்கண்ணே. கடிதம் போனா பயந்துடுவாங்க" என்றார்.

யாரிடமாவது எதையாவது போய்ச் சொல்வது என்பது எனக்குச் சாக்கடை அள்ளுவதைவிடக் கஷ்டமான வேலை. ஆனாலும் அன்று வேலை முடிந்ததும் என் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா விளக்கு வைக்க வருவார் என்று தெரியும். வேலிக்கப்பால் செம்பனை மரங்களுக்குள் ஏற்கெனவே இருட்டாகிவிட்டிருந்தது. அவர் கிளினிக் சீருடையிலேயே வந்தார். பையிலிருந்து சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பக்கத்துக் குழாயில் புதிதாகப் பிடித்து வைத்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு முதலில் சந்தோஷம்தான்.

"வா தம்பி. உள்ள கூப்பிட முடியல, தப்பா நெனச்சிக்காத. கோப்பிகூடக் குடுக்க முடியல."

"பரவாலக்கா."

"பாரேன், இந்த மனுசன் உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்காரா? போறப்ப மட்டும் அவிட்டத்துல போயிருக்காரு. ரெண்டு மணி நேரம் முன்ன போயிருந்தா இந்தத் தொல்லையே இல்லனு பூசாரி சொல்றாரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ரெண்டு மணி நேரம் முன்னன்னா நான் வேலைக்குப் போயிருப்பேன். தனியாப் போயிருப்பாரு. அதுக்கு இது தேவல."

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நான் முடித்ததும் அவர் தீக்குச்சியைக் கிழித்து விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னாலேயே குந்திக்கொண்டார்.

"வீட்ட எடுத்துக்குவாங்களா?"

"சிவப்பாயிடுச்சுன்னா எடுத்துக்குவாங்கக்கா."

"ஒன் மெசின்ல பழைய படம் ஒண்ணு இருக்குமே. போன வருசம் எடுத்தியே, நான் கோப்பி குடுத்தப்ப. அதப் போடு."

"பழச எடுத்துக்காது. அங்க நின்னு எடுக்கிற படத்ததான் எடுத்துக்கும். எந்த எடம், எந்த நேரம் எல்லாம் அதுல பதிஞ்சிடும்."

"நல்ல மெசினு." திரியைத் தூண்டிவிட்டார். பிறகு, "மகளுக்கு ஏழு மாசம்" என்றார்.

எனக்கு அது தெரியாது. தலைச்சன் பிள்ளை. தாய் வீட்டுக்கு வர வேண்டிய நேரம். அடைப்பு முடிந்து வீட்டைக் கழுவிவிட்டுத்தான் அழைத்துவர வேண்டும், அதற்குள் பிரசவமே ஆகிவிடும் என்பதால் மகளின் மாமியார் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். அக்காவும் அங்கேதான் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தார். மாமியார் கெட்டவர் இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. அடைப்பு வீட்டைத் திறந்து உள்ளே போனவள் வயிற்றுப்பிள்ளைக்காரியின் பக்கத்தில் வரக்கூடாது. அதை அக்கா எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. என் மனைவியும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"பூசாரிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்கக்கா. கொறைக்க முடியுமான்னு."

"கேட்டா என்னா சொல்வாரு? ஆறு மாசம்னா ஆறு மாசம்பாரு. அவருக்கென்ன, அவரு வீட்ட யாரும் எடுக்கப் போறதில்ல." எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொள்வதுபோல் சீருடையைத் தட்டிக்கொண்டார். "இந்த வீடு போச்சுன்னா நான் எங்க தம்பி போவேன்? புள்ள பொறக்கற வரைக்கும் அங்க படுத்துக்கலாம். அதுக்கப்பறம்? சம்பந்தி வீட்டு ஹால்ல எத்தன வருசம் பாய் விரிக்கறது? நாளைக்கு அவளுக்கு ஒரு சண்ட சச்சரவுன்னா, வந்து நிக்க ஒரு வீடு வேணாமா?"

நான் மோட்டார் சைக்கிள் பக்கம் நகர்ந்தேன்.

"என்னைக்கு வரணும் நீ?"

நாளைச் சொன்னேன்.

"வா" என்றார்.

அந்த நாளில் நாங்கள் போனபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கிளினிக்கில் லீவு எடுத்திருந்தார். சீருடை இல்லை. சாயம் போன நீலச் சேலை. நெற்றியில் விபூதி. கையில் சாவி. விளக்கையும் டம்ளரையும் ஓரமாக நகர்த்தி வைத்திருந்தார். ஆனால் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "நான் முதல்ல போறேன். உங்க ஆவி தமிழ்ல திட்டினா எனக்கு ஒண்ணும் புரியாது" என்றார் மலாயில்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு நல்லா மலாய் பேசுவாரு லா. லாரிக்காரரு. நீ வெளிய நில்லு" என்று அவரும் மலாயில் சொன்னார். சிரித்தபடியே கயிற்றை அவிழ்க்கப் போனார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. டிரைவர் சாவிக்கொத்திலிருந்த சின்னக் கத்தியை நீட்டினார். அக்கா கயிற்றை அறுத்தார். பூட்டைத் திறந்தார். வலது காலை வைப்பதா இடது காலை வைப்பதா என்று தெரியாதவர்போல் ஒரு நிமிடம் நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

நானும் போக வேண்டும். படம் எடுப்பது என் வேலை. போனேன்.

உள்ளே அடைத்த காற்று, எலிப் புழுக்கை நாற்றம். நாட்காட்டியில் அவர் இறந்த மாதம். மேசையில் மாத்திரை அட்டைகள், பாதி காலி, பாதி மிச்சம். நாற்காலியின் முதுகில் ஒரு சட்டை. அக்கா எதையும் தொடாமல் நேராக அடுப்படிக்குப் போனார். குழாயைத் திறந்தார். முதலில் துரு நிறத்தில் வந்து, பிறகு தெளிந்தது. பாத்திரத்தைக் கழுவித் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தார். கேஸ் தீரவில்லை, நல்லவேளை.

"எங்க நிக்கணும்?"

"அங்கேயே நில்லுங்கக்கா. அடுப்பு தெரியணும்."

"சிரிக்கணுமா?"

"வேணாம்."

எடுத்தேன். பிறகு படுக்கை. அதுதான் அவர் படுத்து உயிர்விட்ட கட்டில். பாய் சுருட்டி வைத்திருந்தது. அக்கா அதை விரித்தார். தலையணையைத் தட்டிப் போட்டார். கட்டில் பக்கத்தில் நின்றார். எடுத்தேன். ஆப் அடுத்த பக்கத்துக்குப் போக விட்டது. வீட்டில் ஆள் இருக்கிறார் என்பதைத் தொட்டேன். மஞ்சள் போய்ப் பச்சையாயிற்று.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்கா."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். தன் முகத்தைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு அடுப்படிக்குத் திரும்பிப்போய்க் கோப்பி கலக்கினார். பால் இல்லை. எனக்கு ஒன்று, வாசலில் நின்ற டிரைவருக்கு ஒன்று. டிரைவர் இரண்டு மடக்கில் குடித்துவிட்டு இன்னும் கேட்டார். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். ஏன் என்று மனைவி கேட்டாள். வேர்வை என்றேன்.

அன்று சாயங்காலமே மருமகன் அக்காவின் துணிப்பையைக் கொண்டுவந்து அந்த வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். அக்கா அவரைத் திட்டவில்லை. "அவன் என்னா செய்வான், அவனுக்கு அம்மா பேச்சு" என்றார் பிறகு ஒரு நாள்.

அதிகாரி பெண் சொன்னபடி செய்தார். அந்தச் சாம்பல் பட்டன் அவருக்கு உயிர்பெற்று வந்தது. மூன்று வாரத்தில் லைசன்ஸ் அக்காவின் பெயருக்கு மாறியது. என்னிடம் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "பாத்தீங்களாண்ணே, முடிஞ்சுது. கேஸ் மூடியாச்சு." நானும் தலையாட்டினேன்.

குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. ஆண் பிள்ளை. மிகச் சின்னதாக இருந்ததால் மலாக்கா ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அக்கா வேலை முடிந்து பஸ் ஏறிப் போயிருக்கிறார். வார்டு வாசலில் சம்பந்தி நின்றிருக்கிறார். சத்தம் போடவில்லையாம். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாராம், "நீங்க வீட்டத் தொறந்தீங்க, இங்க இப்படி ஆச்சு. ஒங்கள நான் ஒண்ணும் சொல்லல. புள்ள பொழைக்கட்டும். போயிடுங்க." அக்கா வந்துவிட்டார். இதை எனக்குச் சொன்னபோது அவர் அழவில்லை. "அவங்க சொல்றது தப்புன்னு என்னால சொல்ல முடியல தம்பி. எனக்கே அப்படித் தோணுதே" என்றார்.

நான் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குறைமாதப் பிள்ளைகள் எத்தனையோ பிறக்கின்றன, அதற்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று. படித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பின்பக்கம் போய்க் குளித்தவன் நான்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பெட்டியிலிருந்து வெளியே வந்து, எடை கூடி, புலாவ் செபாங் வீட்டுக்குப் போனது. ஆறு மாதமும் முடிந்தது. அக்கா பூசாரியை அழைத்து வீட்டைக் கழுவி, சடங்கு செய்தார். மகள் வருவாள் என்று பார்த்திருந்தார். மகள் போனில் பேசினாள், படம் அனுப்பினாள், வருகிறேன் என்றாள். குழந்தைக்குச் சளி, மாமியாருக்கு மனமில்லை, இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம். அப்படியே போயிற்று.

லைசன்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தது. இந்த முறை முதல் தடவையாக அக்காவின் பெயரில். நானும் டிரைவரும் போனோம். வீடு சுத்தமாக இருந்தது. சுவருக்குப் புது வண்ணம் பூசியிருந்தார். கட்டில் இல்லை, அதை யாருக்கோ கொடுத்துவிட்டாராம். கூடத்தின் உத்தரத்தில் ஒரு புது இரும்புக் கொக்கி. அதில் குழந்தைக்குத் துணித் தொட்டில் மாட்டும் ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

கழக வீட்டில் உத்தரத்தைத் துளைத்தால் அதைப் பதிய வேண்டும், படமும் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. அடுப்பைப் பார்த்து எடுத்தேன், வாசலைப் பார்த்து எடுத்தேன். டிரைவர் கொக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய் வேனைத் துடைக்க ஆரம்பித்தார்.

கடைசிப் பக்கம், வீட்டில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர். திரையை அக்காவுக்குக் காட்டினேன்.

"மூணு போடு" என்றார். "நானு, மவ, பேரன். பேரு போட்டா அவளுக்கும் ஒரு உரிமை இருக்குமில்ல. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, சாமான தூக்கி வெளிய வெக்க மாட்டாங்க."

"போடலாம்கா. மகளோட ஐ.சி. நம்பரும் புள்ளையோட சூராட் பெரானாக் நம்பரும் கேக்கும்."

மகளின் அடையாள அட்டை எண் அவருக்கு மனப்பாடம். சொன்னார், தட்டினேன். குழந்தையின் பிறப்புப் பத்திர எண் தெரியவில்லை. "இரு, கேக்கறேன்" என்று மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டார். எடுத்துவிட்டார்கள் என்று முகம் மலர்ந்தது. ஆனால் எடுத்தது மகள் இல்லை. "நல்லாயிருக்கீங்களா சம்பந்தி" என்று ஆரம்பித்தார். எதற்காகக் கூப்பிட்டார் என்று சொன்னார். பிறகு, "ஆமா... இல்ல, சும்மா பேருக்குத்தான்... புள்ள பேர இந்த வீட்டோட சேக்கறதுன்னு இல்ல, சும்மா... சரிங்க. சரி சரி. தூங்கட்டும்" என்றார்.

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் தொடாமல் விட்டதால் டேப்லெட் இருட்டாகிவிட்டது. நான் அதைத் தட்டி எழுப்பினேன்.

"புள்ள இல்லாம அவள மட்டும் போட முடியுமா?"

"அவங்க இங்க இருக்கணும்கா. இன்னிக்கு வந்து பாக்கறப்ப."

"ஆமா, இருக்கணும்" என்றார்.

நான் மகளின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அழித்தேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுன்னே போடு தம்பி. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

ஒன்று என்று போட்டேன். பச்சையாயிற்று. அக்கா எழுந்து கோப்பி கலக்கப் போனார். இந்த முறை பால் இருந்தது.